எல்லோரும் இரண்டு தடவை வரவும்

ஜனவரி 12

என் செல்லத் தங்கைக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் பெண் குட்டிக்கு இருமல் போய்விட்டது, அதற்குப் பதிலாக முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருக்கிறது. நாளெல்லாம் நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள், பாடம் படிக்கச் சொன்னால் பல் வலிக்கிறதாம். உன் அத்தான் அவளுக்குச் செல்லம் கொடுத்தே கெடுக்கிறார். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே வேலை செய்கிறாயே, கால் வீங்குகிறதா?

போனில் பேசலாம் என்றால் உன் ஹாஸ்டலில் ஒரே போனுக்குப் பத்துப் பேர் வரிசை. அதையும் மீறி நீ கூப்பிட்டால் குட்டி பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் எனக்கு எப்போதும்போல் இந்தத் தாளும் பேனாவும்தான்.

பெரிய செய்தி ஒன்று. உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் குழு உங்கள் சட்டைத் தொழிற்சாலைக்கு வருகிறது! எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் பதினோரு வருடமாக வாய் வலிக்கப் பேசுகிற ஆலோசகர் நான். இத்தனை நாளில் ஒரு தொழிற்சாலை கூட வாசலைத் திறந்ததில்லை. உங்கள் மேனேஜர் சரி என்று சொன்ன அன்று நான் அலுவலகத்திலேயே கையைத் தட்டிவிட்டேன், எதிர் மேஜைக்காரர் பயந்துபோனார். முகாமுக்கு நான் நேரில் வரவில்லை. உங்கள் பக்கத்துக் கிளைக்காரர்கள் வருவார்கள். ஆனால் முறை முழுக்க நான் எழுதியது. பெயர் கேட்க மாட்டோம், முகவரி கேட்க மாட்டோம். உங்கள் தொழிற்சாலை கொடுத்திருக்கிற டோக்கன் எண் மட்டும் போதும். ரகசியம் என்றால் அப்படி ஒரு ரகசியம்.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாரும் பின்னால் நிற்பார்கள், நீ முதல் ஆளாக விரலை நீட்டு. அக்கா மானத்தைக் காப்பாற்று.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 30

அருமை அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கால் வீங்கவில்லை, தலைக்கனம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அத்தான் சௌக்கியமா? குட்டியிடம் பல்லைப் பிடுங்கப் பார்க்கவேண்டாம், தானாக விழட்டும் என்று சொல்.

உன் முகாம் நடந்தது. கேன்டீனில் இரண்டு மேஜை போட்டு, நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது நாங்கள் தைத்து ரிஜெக்ட் ஆன துணி. கோடு கோணலாகப் போவதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது, பிரித்துத் தைத்துவிடலாமா என்று. விரலில் ஊசி பட்டது எறும்பு கடித்தமாதிரிகூட இல்லை. நான்தான் முதல் ஆள். எங்கள் லைன் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். விரலை வாயில் வைத்து விசில் அடித்துத்தான் எங்களைக் கூப்பிடுவாள், அதனால் அவளுக்கு விசில் என்றே பெயர். "உனக்கு என்னடி அவசரம்?" என்று கேட்டாள். "எங்க அக்கா மானம் போயிடும்" என்றேன்.

ஒன்று மட்டும் சொல்லட்டுமா? கோபப்படாதே. டோக்கன் எண் ரகசியம் என்றாயே, அக்கா, இங்கே எண்தான் பெயர். மெஷின் சத்தத்தில் பெயர் காதில் விழாது என்று எல்லாரையும் எண் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். 'நாற்பத்தொன்றுக்கு நிச்சயமாகிவிட்டது', 'இருநூற்று ஏழு மாமியாரோடு சண்டை' என்றுதான் வம்பே நடக்கிறது. என் பக்கத்து மேஜைக்காரியின் பெயர் எனக்கு இரண்டு வருடம் கழித்து அவள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. பத்திரிகையிலும் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட்டிருந்தாள், இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று.

சரி, மேதாவிக்கு நான் என்ன சொல்வது!

குட்டிக்கு முத்தம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 10

அன்புள்ள தலைக்கனத்துக்கு,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம். பல் விழுந்தாயிற்று. விழுந்த இடத்தைக் காட்டிக்கொண்டு தெருவெல்லாம் சிரிக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். எண்ணைப் பற்றி நீ சொன்னதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய முறையை ஒரு கல்யாணப் பத்திரிகைக்காக மாற்ற முடியுமா?

கணக்கு வந்துவிட்டது. நானூற்று முப்பது பேரில் நூற்று எண்பத்தெட்டுப் பேர் விரலை நீட்டியிருக்கிறார்கள். முதல் தடவைக்கு இது கொண்டாட வேண்டிய எண்ணிக்கை. நூற்று எண்பத்தேழு பேருக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பெண்ணை மட்டும் இரண்டாம் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம். டோக்கன் 612. முகாமில் செய்வது வடிகட்டுவதற்கான ஒரு சோதனைதான். அதில் கோடு விழுந்தால் கிருமி இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. மையத்தில் வேறு வேறு கிட் வைத்து மேலும் சோதித்துப் பார்த்த பிறகுதான் நாங்களே வாயைத் திறப்போம். இருந்தாலும் பயமில்லை, தினம் ஒரு மாத்திரையில் அடக்கி வைத்துவிடலாம். ஆனால் அவள் வரவேண்டுமே! ஒரு வாரமாக வரவில்லை.

நீ அதே கூடத்தில்தானே இருக்கிறாய். அவளைத் தெரியுமா? பக்குவமாகப் பேசி அனுப்பிவைக்க முடியுமா? உன் வாய்க்கு முடியாதது உண்டா!

உடனே பதில் போடு.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, ஆர்டர் முடிக்கிற நெருக்கடி.

நீ சொன்ன 612-ஐத் தெரியும். நீ சொன்னதையும் சொல்லிவிட்டேன். வரமாட்டாள்.

ஏன் என்று கேட்பாய். உன் ஆட்கள், எங்கள் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸில் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டைம் ஆபீஸ்காரருக்கு மைக் என்றால் உயிர். சாப்பாட்டு வேளையில், எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில், "டோக்கன் அறுநூற்றுப் பன்னிரண்டு, ரத்த டெஸ்ட்காரங்க திரும்ப வரச் சொல்றாங்க, வந்து பாருங்க" என்று மூன்று தடவை சொன்னார். நானூறு பேரில் ஒரே ஒரு எண்ணை. அவர் கெட்டவர் இல்லை அக்கா, தொலைந்துபோன குடைக்கும் அப்படித்தான் சொல்வார்.

அன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் எண் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியுமே. மறுநாள் அவள் பெஞ்சில் அவள் மட்டும். தண்ணீர்க் குழாயில் அவள் டம்ளரை யாரோ ஜன்னல்மேல் தள்ளி வைத்திருந்தார்கள். அவள் கை பட்ட சட்டையை எதிரில் இருப்பவள் நுனியைப் பிடித்து எடுக்கிறாள். அவள் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. அதனால் வேலை போகவில்லை. அவ்வளவுதான்.

அவள் ஒன்று கேட்கச் சொன்னாள். அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. வேறு ஊரில் வளர்கிறது. அவளுக்கு இருந்தால் அந்தக் குழந்தைக்கும் இருக்குமா? கல்யாணமான வீட்டில் பிரசவம் பார்த்தபோது யாரும் எந்தச் சோதனையும் செய்யவில்லையாம். தன் ரத்தத்தைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை என்கிறாள். தனக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் குழந்தையையும் சோதிக்க வேண்டிவரும், அந்தப் பதிலைக் கேட்கிற தைரியம்தான் இல்லையாம். அதனால்தான் வரவில்லை.

குட்டி சாப்பிடுகிறாளா? எடை குறையவில்லையே?

தங்கை

*

மார்ச் 27

தங்கைக்கு,

நாங்கள் சுகம். குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள், இந்த மாதம் உடுப்பெல்லாம் சின்னதாகிவிட்டது. நீதான் இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது, உன் எழுத்தே இளைத்திருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ ஜனவரியிலேயே சொன்னாய், நான் சிரித்தேன். பதினோரு வருடம் ரகசியம் ரகசியம் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள், அந்த ரகசியத்தை மைக்கில் போட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் டம்ளரைத் தள்ளி வைத்தது யாராக இருந்தாலும் சரி, அதற்கு வழி பண்ணியவள் நான். இன்றே மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். என்னைக் கேள்வி கேட்கட்டும், கேட்டால்தான் நல்லது.

அவள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடு, வார்த்தை மாறாமல் சொல். தாய்க்கு இருந்தால் குழந்தைக்கும் இருந்தே தீரும் என்பது பொய். மருந்தே எடுக்காமல் பெற்ற பிள்ளைகளிலும் பலருக்கு வருவதில்லை. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் விடக் கூடாது. இல்லையென்றால் தாய் நிம்மதியாகத் தூங்கலாம், இருந்தால் குழந்தைக்கும் மருந்து உண்டு, அதுவும் பள்ளிக்கூடம் போய்ப் படித்துப் பெரிய ஆளாகும். பாராமல் வைத்திருப்பதுதான் ஆபத்து.

அந்தக் குழந்தை யார் வீட்டில் வளர்கிறதோ எனக்குத் தெரியாது. என் வீட்டில் இருந்தால் நானே மடியில் வைத்துக்கொண்டு விரலைப் பிடித்துக்கொள்வேன் என்று அவளிடம் சொல்.

உன் அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

உன் வீட்டில்தான் இருக்கிறது.

612 நான்தான். இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று. எழுதிக் கிழித்த தாளெல்லாம் சேர்த்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வரும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முகாம் முறையை விடு, அது தெரியாமல் நடந்தது. ஆனால் பிப்ரவரியில் நீ எனக்கு அந்த எண்ணை எழுதினாயே, அது எப்படி? நான் தங்கையாக இருந்தால் என்ன, 612 வேறு யாரோ ஒருத்தியாக இருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் நீ என்னிடம் சொன்னது சரியா? நான் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தபோது முதலில் பயம் வரவில்லை. 'இந்த மேதாவி வேறு எவளோ ஒருத்தியின் விஷயத்தை இப்படி எனக்கு எழுதிவிட்டாளே' என்றுதான் வந்தது. மைக்கில் ஏற்கெனவே கேட்டிருந்தும், அந்த எவளோ ஒருத்தி நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

குட்டியின் அப்பா கடைசி வருடம் எப்படி இளைத்தார் என்று உனக்கு நினைவிருக்கும். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்தது அவர் தப்பு, கேட்காமல் இருந்தது என் தப்பு.

இனிக் கேட்கிறேன். சொல், நான் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எல்லாரும் சுகமாக இருங்கள். குட்டியிடம் ஒன்றும் சொல்லாதே.

தங்கை

*

ஏப்ரல் 29

கண்ணே,

உன் கோபம் முழுக்க நியாயம். அந்த எண்ணை யாருக்கும் எழுதியிருக்கக் கூடாது. என் தங்கைதானே என்ற நினைப்பில் எழுதினேன். தங்கைக்கு என்று தனி விதி கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை உன் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. குட்டியின் அப்பா இளைத்துக்கொண்டே போனபோது எனக்குச் சந்தேகம் வந்தது. பார்த்தவுடன் சந்தேகம் வருகிற வேலைதானே என்னுடையது! ஊரையெல்லாம் வா வா என்று கூப்பிட்டுச் சோதிக்கிற நான் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிடவில்லை. சொந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் பூசி மெழுகிவிட்டேன். அழுதுவிட்டேன், இனி அழப்போவதில்லை, வேலை இருக்கிறது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். திங்களன்று உங்கள் பக்கத்து மையத்துக்குப் போவோம். உள்ளே உன்னோடு வரமாட்டேன். சொந்தக்காரிக்கு நான் ஆலோசகர் ஆகக் கூடாது, இந்தத் தடவை விதியை மீறுவதாக இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ வெளியே வரும்போது என்ன பதிலோடு வந்தாலும் அந்தப் பெஞ்சில் இருப்பேன்.

குட்டியை நான் சோதிக்கவில்லை. நீ சொல்லாமல் செய்யமாட்டேன். அவள் சௌக்கியமாக இருக்கிறாள், இப்போது பக்கத்து வீட்டு நாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள்.

உன் அக்கா

*

மே 16

அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அத்தான் நலமா? நான் நலம். இது மரியாதைக்கு எழுதுகிற நலம் இல்லை, நிஜமான நலம்.

நீ பஸ் ஏறுகிற வரை நான் அதிகம் பேசவில்லை, தெரியும். மூன்று கிட்டிலும் கோடு விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை அக்கா, ஒரு மாதிரி கோபம். உள்ளே இருந்த ஆலோசகர் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார். எப்படி வந்தது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, இனி எப்படி வாழலாம் என்பதைத்தான் சொன்னார். வெளியே வந்தால் நீ பெஞ்சில் உட்கார்ந்து யாரோ ஒரு பாட்டியிடம் அவர் மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் தலைசுற்றல், இப்போது இல்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, வேலை விட்டதும், குழாயடியில் போட்டுக்கொள்கிறேன். ஒளிக்கவில்லை. யாரும் என் அருகில் வராதபோது யாரிடம் ஒளிப்பது!

குட்டியைச் சோதித்துவிடு. சம்மதக் கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் சார்பில் நீ மடியில் வைத்துக்கொள்.

அடுத்தது, நீ எனக்கு ஒரு முகாம் தரவேண்டும். நீ எழுதிய முறை வேண்டாம், நான் சொல்கிற முறை. டோக்கன் எண் கூடாது. ஒரு பெட்டியில் சீட்டுகள் போடுவோம், அவரவர் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், அந்த எண் அவர்களுக்கு மட்டும் தெரியும். இரண்டாவது, யாரையும் தனியாகத் திரும்பக் கூப்பிடக் கூடாது. எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். ஒன்றும் இல்லாதவளும் ஒரு வாரம் கழித்து வந்து திரைக்கு உள்ளே அதே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டும். நானூறு பேரும் இரண்டு தடவை வந்தால், யாருக்காக வந்தார்கள் என்று எவளாலும் கண்டுபிடிக்க முடியாது. தைத்த சட்டையைச் சரிபார்க்கிற எங்கள் செக்கிங்கில் அப்படித்தான், நல்ல பீஸும் கெட்ட பீஸும் ஒரே மேஜைமேல்தான் வரும்.

யோசித்துப் பதில் சொல், மேதாவி.

தங்கை

*

மே 24

என் ராஜாத்திக்கு,

முதலில் இதைப் படி, மற்ற நலமெல்லாம் அப்புறம். குட்டிக்கு இல்லை. இல்லவே இல்லை. தெளிவான பதில், சந்தேகத்துக்கு இடமில்லை.

சோதித்தது என் சக ஊழியர். நான் மடியில் வைத்துக்கொண்டேன். "பெரியம்மா, இது எதுக்கு?" என்று கேட்டாள். "ஒடம்புல எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்கறதுக்கு" என்றேன். "அப்ப உனக்கும் பாக்கச் சொல்லு" என்றாள். பதினோரு வருடமாக எத்தனையோ ஆயிரம் பேரின் விரலைப் பார்த்தவள், என் விரலை ஒரு தடவைகூட நீட்டியதில்லை! அங்கேயே உட்கார்ந்து நானும் நீட்டினேன். மாலையில் உன் அத்தானையும் இழுத்து வந்து உட்காரவைத்தேன். அவர் ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார், குட்டி அவருக்குத் தைரியம் சொன்னாள். எங்கள் எல்லாருக்கும் இல்லை.

பதில் வந்த தாளை நான் சமையலறையில் நின்று படித்தேன். பிறகு குட்டியைத் தூக்கிச் சுற்றினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்னும் நேராக நிற்க முடியவில்லை. வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருக்கிறேன்.

உன் முறையை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். "எல்லாரையும் ரெண்டு தடவை கூப்பிட்டா வேலை இரட்டிப்பாகுமேம்மா" என்றார். "ஆகட்டும் சார், ஒருத்தியைக் கூப்பிட்டு ஒரு குடும்பத்தைக் கெடுத்ததைவிட இது சின்ன வேலைதான்" என்றேன். என் தவறை நான் எழுதிக் கொடுத்திருந்தது அவர் மேஜைமேல் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டில் முகாம். இந்தத் தடவை முறையை எழுதியவர் என்ற இடத்தில் உன்னைத்தான் போட்டிருக்கிறேன், செக்கிங் பிரிவு என்று.

மருந்தை மறக்காதே. நன்றாகச் சாப்பிடு.

இடுப்பு பிடித்த அக்கா

*

ஆகஸ்ட் 18

அருமை அக்காவுக்கு,

இடுப்பு சரியாகிவிட்டதா? குட்டி, அத்தான் எல்லாரும் சுகம்தானே? உன் மே மாதக் கடிதத்தை மடித்து மடித்து அது நான்காகக் கிழிந்துவிட்டது, டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

முகாமுக்கு முதல் நாள் கூடத்தில் ஒரே முணுமுணுப்பு. போன தடவைமாதிரி மாட்டிவிடுவார்கள் என்று பாதிப் பேர் வரப்போவதில்லை என்றார்கள். அவர்கள் பயந்தது ஊசிக்கு இல்லை அக்கா, என்னைப் பார்த்துத்தான். என் கதி தங்களுக்கு வந்துவிடுமோ என்று. அதை யோசித்ததும் எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. சாப்பாட்டு வேளையில் நேராக டைம் ஆபீஸுக்குப் போய் மைக்கைக் கேட்டேன். அவர் எழுந்து நாற்காலியையே கொடுத்துவிட்டார்.

என்ன பேசினேன் என்று கேட்பாய். எழுதி வைத்துக்கொள்ளவில்லை, வாய்க்கு வந்ததைத்தான் பேசினேன். "அறுநூத்திப் பன்னெண்டு பேசறேன். ஆமா, எனக்கு இருக்கு. தினம் ஒரு மாத்திரை போடறேன். நல்லா இருக்கேன். என் புள்ளைக்கு இல்ல. குழாய்த் தண்ணிலயும் சட்டையிலயும் இது வராது, வந்திருந்தா மூணு வருஷத்துல உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். ஆறு மாசமா தனியா உக்காந்து சாப்பிடறேன், அதுலதான் உடம்பு கெட்டுது. நாளைக்கு யாரும் எண்ணைச் சொல்ல வேண்டாம். சீட்டு எடுங்க. எல்லாரும் ரெண்டு தடவை வாங்க. யாருக்கு என்னன்னு எனக்கும் தெரியக் கூடாது." அவ்வளவுதான். மெஷின் ஓடாதபோது அந்தக் கூடம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வந்தால் என் பெஞ்சில் விசில் உட்கார்ந்திருக்கிறாள். "ஒன் டம்ளரை ஜன்னல்மேல வச்சது நான்தான்" என்றாள். "தெரியும், பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன். "பாத்தும் ஒரு வார்த்தை கேக்கலியேடி?" என்றாள். "கேட்டா நீ விசிலடிப்பே" என்றேன். அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். என் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள், பாதியைக் காலி பண்ணிவிட்டாள்.

மறுநாள் பெட்டிக்குள் முதலில் கையை விட்டது அவள்தான். விட்டுவிட்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பார், வரிசை கேன்டீன் வாசலைத் தாண்டிக் கேட் வரை போனது. மேனேஜர் நின்றார், சமையல்காரர் நின்றார், வாட்ச்மேன் நின்றார். டைம் ஆபீஸ்காரர் எடுத்த சீட்டை மடித்து மடித்து நகத்தளவு ஆக்கி வாட்ச் பட்டைக்குள் சொருகிக்கொண்டார். இப்படி ரகசியம் காக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை! நானூற்று முப்பதில் நானூற்றுப் பதினேழு பேர். ஒரு வாரம் கழித்து இரண்டாம் தடவையும் அதே நானூற்றுப் பதினேழு பேர். ஒருவர்கூடக் குறையவில்லை.

கையைத் தட்டு அக்கா, எதிர் மேஜைக்காரர் பயப்பட்டால் பயப்படட்டும்.

உன் தங்கை

*

செப்டம்பர் 2

முறையை எழுதிய அம்மணிக்கு,

வணக்கம் தாயே. இடுப்பு சரி, குட்டி சரி, அத்தான் சரி. கையைத் தட்டினேன். எதிர் மேஜைக்காரரும் சேர்ந்து தட்டினார்.

கணக்கு மட்டும் சொல்கிறேன், எண் சொல்லமாட்டேன், பாடம் படித்துவிட்டேன். மூன்று பேருக்குப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறோம். மூன்று பேரும் அந்த வாரத்துக்குள்ளேயே மையத்துக்கு வந்து மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் துரத்தவில்லை. என் பதினோரு வருடத்தில் இப்படி ஒரு முகாம் நடந்ததில்லை. இன்னும் நான்கு தொழிற்சாலைகள் உன் முறையைக் கேட்டு எழுதியிருக்கின்றன.

நவம்பரில் நீ மருந்து ஆரம்பித்து ஆறு மாதம் முடிகிறது. ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். தவறாமல் போ, பதில் வந்ததும் எழுது. லீவில் குட்டியை அழைத்துக்கொண்டு வருகிறோம், எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி நீயே சொல். உன் வாயால் கேட்டால் அவளுக்குப் பயம் இருக்காது.

உன் அக்கா

*

டிசம்பர் 5

என் அக்காவுக்கு,

எல்லாரும் நலமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? குட்டி பஸ்ஸில் வாந்தி எடுக்கவில்லையே? அவளிடம் சொன்னபோது என்ன கேட்டாள் தெரியுமா? "மாத்திரை கசக்குமா?" என்று மட்டும் கேட்டாள். கசக்காது என்றதும் விளையாடப் போய்விட்டாள். நான்தான் ஒரு வருடம் பயந்துகொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதாம். டாக்டர் அம்மா இரண்டு தடவை படித்துக் காட்டினார். மாத்திரையை விடாமல் இப்படியே இருந்தால் என்னிடமிருந்து கட்டிக்கொள்பவருக்குக்கூடப் போகாது என்றார். "கட்டிக்கறதுக்கு ஆளா இருக்கு டாக்டர்?" என்றேன். "வேணும்னா பாருங்க, தடையே இல்ல" என்றார். நீ உடனே தரகர் வேலை ஆரம்பித்துவிடாதே, யோசித்துச் சொல்கிறேன். இந்த மாதம் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். விசில் அடுத்த கூடத்துக்குப் போனாள், போகும்போது விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தாள். எனக்குக் காற்றுதான் வருகிறது.

இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் சாயங்காலம் குழாயடியில் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினால், பின்னால் ஒருத்தி நிற்கிறாள். கூடம் காலியானவுடன் வந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் டம்ளரைக் கழுவினாள், கழுவினதையே கழுவினாள். பிறகு, "நீங்க எத்தனை மணிக்குப் போடறீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. "ஆறு மணிக்கு" என்றேன்.

"அப்ப நானும் ஆறு மணிக்கே வெச்சுக்கறேன். தனியாப் போட மறந்துபோகுது" என்றாள்.

யார் என்று கேட்காதே அக்கா. நீ அக்காவாக இருந்தாலும் சரி, ஆலோசகராக இருந்தாலும் சரி, உனக்குச் சொல்லமாட்டேன். நானூறு பேர் இருக்கிற கூடத்தில் இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அவள் சொல்ல நினைத்ததால் எனக்குத் தெரியும். இப்போது தினமும் ஆறு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் குழாயடியில் நின்று தண்ணீர் குடிக்கிறோம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெண்கள் வேலை முடிந்து தண்ணீர் குடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

உன் தங்கை